தேநீருக்குப் பிறகு முதல் அட்டை

அந்த ஒரு புரோகிராம் வரியை நான் எழுதியது மாலை ஐந்தே முக்காலுக்கு. கம்பெனி பஸ் ஆறு மணிக்கு. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு காலை மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டு எழுதினேன். எந்தப் பிழை வந்தாலும் திரையில் காட்டாதே, ஆளை நேராக 'நன்றி, விண்ணப்பம் பெறப்பட்டது' என்று சொல்லும் நன்றிப் பக்கத்துக்கு அனுப்பிவிடு. அவ்வளவுதான் அந்த வரியின் பொருள். சர்வரில் ஏற்றினேன், ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன். மத்திகிரி மாட்டுப்பண்ணை வேலியோரம் இறங்கி, சாணமும் ஈரப்புல்லும் கலந்த காற்றில் வாடகை வீட்டுக்கு நடக்கும்போது மனசு லேசாக இருந்தது. அந்த லேசை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. ஓசூர் தொழிற்பேட்டையில் பைக்குகளுக்கு வயரிங் கட்டித் தரும் தொழிற்சாலை எங்களுடையது. நூற்றுக்கணக்கான பெண்கள் பலகை முன்னால் நின்று, சிவப்பு, பச்சை, கறுப்புக் கம்பிகளை ஆணிகளுக்கிடையே ஓட்டி, டேப் சுற்றி, முனைகளில் உலோகப் பின்களைச் செருகுவார்கள். பாதிப்பேர் தெற்கிலிருந்து வந்து கம்பெனி விடுதியில் தங்கிப் பயிற்சியில் இருப்பவர்கள். மீதிப்பேர் கல்லாவி, பர்கூர் பக்கத்திலிருந்து வருவார்கள். ஒரே வரிசையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கம்பிகளைப் போலவே பின்னிக்கொண்டு ஓடும். நான் சேலத்துக்காரி. அலுவலகத்தில் புரோகிராம் எழுதும் மூன்று பேரில் ஒருத்தி. காகிதத்தில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த லீவு விண்ணப்பத்தை வெப் பக்கமாக மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

ஆலைத் தலைவருக்கு அதைக் காட்டிய அன்றே அது கவிழ்ந்தது. ஒரு பொத்தானைத் தட்டியதும் வெள்ளைத் திரையில் சிவப்பு எழுத்து, நடுவில் மஞ்சள் பட்டை. தலைவர் எழுந்து போனார். பக்கத்தில் நின்ற எச்.ஆர். மேனேஜருக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"இனிமே என் ஸ்க்ரீன்ல எர்ரர்ங்கற வார்த்தையே வரக்கூடாது மேடம். பாக்கறவன் சிஸ்டம் சரியில்லைன்னுதானே நினைப்பான்?"

"சரியில்லைன்னாத்தான் சார் அது வரும்."

"அதைத்தான் சொல்றேன். வரக்கூடாது."

வரவில்லை. ஐந்தே முக்கால் மணி வரி அதைப் பார்த்துக்கொண்டது. முறையாகச் செய்திருந்தால் கூடவே இன்னும் பத்து வரி எழுதியிருக்க வேண்டும். பிழை வந்த நேரம், பக்கம், யாருடைய விண்ணப்பம், என்ன பிழை என்று ஒரு கோப்பில் குறித்துவைக்கும் பத்து வரி. திரைக்குத் தெரியாவிட்டாலும் எனக்காவது தெரிந்திருக்கும். நாளைக்கு எழுதலாம் என்று விட்டேன். அந்த நாளை ஏழு மாதம் வரவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை டைம் ஆபீஸ் கிளார்க் என் அறை வாசலில் வந்து நின்றார். ஆள் வருவது போவது, லீவு எல்லாம் அவர் கையில்தான். உள்ளூர்க்காரர், வீட்டில் தெலுங்கு. அவருக்குப் பின்னால் நீலக் கோட்டும் முடியை மூடிய தலைவலையுமாக ஒரு பயிற்சிப் பெண். இருபது, இருபத்தொன்று இருக்கும். விரல் நுனிகளில் டேப்பின் கறுப்புப் பசை.

"மேடம், இவ ஜன்னல்ல நின்னு கத்தறா மேடம். நீங்களே பாத்து சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா."

"கத்தாம என்ன செய்ய? மூணு தடவை லீவு போட்டேன், மூணு தடவையும் போடலேங்காவ. நான் பொய்யா சொல்லுதேன்?"

நான் அவள் எண்ணைத் தட்டிப் பார்த்தேன். அவள் சொன்ன மூன்று தேதிக்கும் ஒரு விண்ணப்பமும் இல்லை.

"சிஸ்டத்துல இல்லம்மா" என்றேன். எத்தனை அலுவலகங்களில் எத்தனை ஜன்னல்களில் இந்தச் சொல்லைக் கேட்டு நானே பல்லைக் கடித்திருக்கிறேன். அன்றைக்கு அது என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது.

"சிஸ்டத்துல இல்லேன்னா நான் போடலேன்னு ஆயிருமா மேடம்?"

பிறகுதான் மடித்து மடித்து வியர்வையில் நைந்த ஒரு கடித நகலைப் பிரித்து மேசையில் வைத்தாள். பயிற்சிப் பெண்களுக்கு மட்டும் எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. சொல்லாமல் ஒருநாள் வராமல் போனால் ஊருக்கு, வீட்டுப் பெரியவருக்குத் தபாலில் ஒரு கடிதம் போகும். 'தங்கள் மகள் அல்லது சகோதரி இன்ன தேதியில் முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வரவில்லை.' பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்று சொல்லிக்கொள்வார்கள். ஆண்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. மூன்று கடிதம் போனால் பயிற்சி முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கடிதத்தை அச்சடிக்கும் பகுதியையும் நான்தான் எழுதினேன். அதில் ஒருநாளும் பிழை வந்ததில்லை.

"முதல் தடவை காய்ச்சல், முந்தின நாளே லீவு போட்டுட்டு ரூம்லயே கிடந்தேன். ரெண்டாவது, கூட இருக்க பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மூணாவதும் அவளுக்குத்தான். எங்க அண்ணன் போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேக்கான். அந்த மூணு நாளும் எங்கட்டி போனன்னு. வியாழக்கிழமை என்கொயரி. அவன் கோவில்பட்டில இருந்து வாரான், என்னைக் கூட்டிட்டுப் போவ. போனா அவ்வளவுதான் மேடம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள எவனுக்காவது பேசி முடிச்சிருவாங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றாள், பலகையில் ஒரு கம்பி தவறான ஆணிக்குப் போயிருப்பதைப் பார்ப்பதுபோல.

அவள் போனதும் பழைய கோப்பைத் திறந்தேன். அந்த வரி அங்கேயே இருந்தது. ஏழு மாதமாக ஒருவரும் தொடாமல், சாப்பிட்டுக் கொழுத்துப்போய்.

அன்று மதியமே மறந்துபோன பத்து வரிகளை எழுதினேன். எழுத எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு மதியச் சாப்பாட்டு நேரம். இனி எந்தப் பக்கம் எங்கே விழுந்தாலும், நன்றி சொல்லப் போகும் முன், விழுந்த இடத்தையும் நேரத்தையும் குறித்துவிட்டுத்தான் போகும்.

மறுநாள் காலை பதினொன்றே காலுக்குக் கோப்பைத் திறந்தேன். ஒரு பதிவு இருந்தது. பத்து மணி ஏழு நிமிடம், லீவுப் பக்கம், உள்ளே நுழைந்திருந்தவரின் அடையாளம் காலியாக இருக்கிறது, வேலை நின்றது. அடுத்த ஒரு மணி நேரத்தில் நாற்பது பேருடைய விண்ணப்பங்கள் சிக்கலில்லாமல் போயிருந்தன. அந்த ஒன்று மட்டும் விழுந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு டைம் ஆபீசுக்குப் போனேன். புதன்கிழமை காலை முழுக்க அங்கேயே நிற்பேன் என்று கிளார்க்கிடம் சொன்னபோது, "என்னா மேடம், என்னை வேவு பாக்கறீங்களா?" என்று சிரித்தார். சிரிப்பில் பயம் இருந்தது.

புதன்கிழமை நின்றேன். நின்று பார்த்தால்தான் தெரிகிறது, நான் கட்டிய பக்கத்தை மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று. ஏழு மாதத்தில் ஒருநாளும் நான் அங்கே போய் நின்றதில்லை.

வேலையை விட்டு வரிசையில் நிற்க யாருக்கும் நேரம் கிடையாது. அதனால் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஆள் நிற்பதற்குப் பதில் அட்டை நிற்கும். லீவு வேண்டியவர்கள் தங்கள் அடையாள அட்டையை, தேதியும் காரணமும் எழுதிய துண்டுச் சீட்டோடு, ஜன்னல் திட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கிளார்க் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டுவார். மதியம் அட்டையைத் திரும்ப வாங்கும்போது "ஆச்சா?" "ஆச்சு." அவ்வளவுதான். தேநீர் இடைவேளை மூன்று கட்டமாக விடுவார்கள். மூன்றும் முடியும்வரை அவர் கேன்டீன் வாசலில் ஆள் எண்ண வேண்டும். ஜன்னல் அரை மணி நேரம் மூடியிருக்கும். பொறுப்பான மனிதர், போகும் முன்பே முதல் அட்டையின் எண்ணைத் தட்டிப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போவார், வந்ததும் நேரம் வீணாகக்கூடாது என்று.

நான் எழுதிய பக்கமோ இருபது நிமிடம் யாரும் தொடாவிட்டால் ஆளை மறந்துவிடும். அரை மணி கழித்து அவர் வந்து, காரணத்தைத் தட்டி, பொத்தானை அழுத்துவார். நீ யார் என்று உள்ளே தேடி, ஒருவரும் இல்லாமல், அது விழும். விழுந்ததைச் சொல்லாமல் நன்றி சொல்லும். 'நன்றி. தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது.' அடுத்த அட்டைக்கு அவர் முதல் பக்கத்துக்குப் போனால் கடவுச்சொல் கேட்கும். போட்டு உள்ளே போவார், எல்லாம் சரியாக ஓடும். தினமும் தேநீருக்குப் பிறகு முதல் அட்டை மட்டும் தொலைந்துபோகும்.

அந்தப் பெண்ணின் பலகை ஜன்னலுக்கு எதிரே முதல் பலகை. வேகமான கை. தேநீர் மணி அடித்ததும் முதலில் வந்து அட்டை வைப்பவள் அவள்தான்.

கிளார்க்கிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"நான் என்னா மேடம் பண்ணேன்? நன்றின்னு வந்துச்சு, அடுத்ததை எடுத்தேன். அது வந்தா போயிடுச்சுன்னுதானே நீங்க சொல்லிக் குடுத்தீங்க?"

ஆமாம். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இத்தனை நாள் ஏன் ஒருவரும் கேட்கவில்லை? கேட்டிருக்கிறார்கள். நிரந்தர ஆட்கள் சூப்பர்வைசரிடம் போய்ச் சத்தம் போடுவார்கள். "சிஸ்டம் கெடக்குது விடுப்பா" என்று அவர் கையால் எழுதிச் சரிசெய்துவிடுவார். பயிற்சிப் பெண்களுக்குச் சத்தம் போட யாருமில்லை. அவர்களுக்கு மட்டும் சிஸ்டம் சொன்னதே வேதம்.

இதெல்லாம் இனிமேல் விழுவதற்குத்தான் சாட்சி. அவளுடைய மூன்று நாளும் என் பத்து வரிகளுக்கு முன்னால் போய்விட்டவை. புதன் மதியம் மறுபடி என் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் சர்வர் தானாக ஒரு நாட்குறிப்பு எழுதிவைக்கும். நாளுக்கு ஒரு கோப்பு. யாரும் படிப்பதில்லை. டிஸ்கில் இடமில்லை என்று நானே இரண்டு முறை அழிக்கப் பார்த்துச் சோம்பலில் விட்டவை. அட்டை எண்ணைப் பக்கத்தின் முகவரியிலேயே சேர்த்து அனுப்பும்படி செய்திருந்தேன், அதுவும் சோம்பலால்தான். என்னுடைய ஒழுங்கு அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. என் சோம்பல்தான் கைகொடுத்தது.

மூன்று தேதிகளுக்கும் முந்தைய நாள் கோப்புகளைத் தேடினேன். மூன்றிலும் இருந்தாள். காலை ஒன்பதே முக்கால் வாக்கில் அவள் எண்ணோடு லீவுப் பக்கம் திறந்திருக்கிறது. அரை மணி கழித்து அதே எண்ணோடு பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது. அடுத்த நொடியே நன்றிப் பக்கம், அதன் முகவரியின் வாலில், எந்தப் பக்கத்தில் விழுந்து இங்கே வந்தது என்ற குறிப்பு. மெஷின் ஒளிக்கவே இல்லை. யாரும் கேட்காத இடத்தில் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. மற்ற நாட்களின் கோப்புகளையும் திறந்தேன். அநேகமாக ஒவ்வொரு வேலை நாளும் ஒரு எண். சில எண்களைப் பணியாளர் பட்டியலில் தேடினால், 'பயிற்சி முடிந்தது' என்று வந்தது. அதற்குமேல் தேட எனக்குத் தைரியம் வரவில்லை. அச்சிட்டு எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மேனேஜர் அறையில் என்கொயரி. அவர், அவள், நான். அண்ணன்காரன் கேட் செக்யூரிட்டி அறையில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள்.

"இது என்ன பேப்பர்? யார் கேட்டா?"

"யாரும் கேக்கலை சார். சர்வர் எழுதி வெச்சது. இந்தப் பொண்ணு மூணு தடவையும் லீவு போட்டிருக்கு."

அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். புரிந்துவிட்டது. புரிந்ததுதான் கொடுமை. முட்டாளாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

"அடுத்த வாரம் கஸ்டமர் ஆடிட் வருது. இந்த நேரத்துல சிஸ்டம் தப்புன்னு ரெக்கார்டு பண்ண முடியாது. இந்தாம்மா, சொல்லாம லீவு எடுத்தது தப்புதான், இனிமே செய்ய மாட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. நான் முடிச்சு விட்டுடறேன்." வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் தாளைத் தொடவில்லை.

"சார், பலகையில ஒரு பின் மாறிப்போச்சுன்னா நாங்க சிவப்பு டேக் கட்டி, எங்க பேரெழுதித் தொங்கவிடணும். வர்றவன் போறவன் எல்லாம் பாப்பான். இங்க தப்பு நடந்தா மட்டும் நன்றின்னு போட்டு அனுப்பிருவீங்களோ?" பிறகு என்னைப் பார்த்தாள். "அந்த நன்றியைப் போட்டது யாரு மேடம்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். சார் சொல்லித்தான் என்று என் நாக்கு நுனியில் நின்றது. அது உண்மையும்கூட. ஆனால் கூடவே எழுத வேண்டிய பத்து வரிகளை எழுதாதே என்று அவர் சொல்லவில்லை.

"நான்தான்" என்றேன். "ஆனா அவ எழுதித் தரமாட்டா சார். வேணும்னா இந்த லிஸ்ட் முழுசையும் ஆலைத் தலைவருக்கு அனுப்பறேன். இதுல வீட்டுக்குப் போனவங்களும் இருக்காங்க."

குரல் நடுங்கியது. கோபத்தில்தான் நடுங்கியது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். பாதி பயம்.

ஒரு மணி நேரம் எங்களை வெளியே உட்கார வைத்தார். பிறகு அவளுக்கு ஓர் உத்தரவு வந்தது. மன்னிப்புக் கடிதம் வேண்டாம். பயிற்சி தொடரும். நான் பெருமூச்சு விட்டேன். அவள் கேட்டுக்கு ஓடினாள், நான் பின்னாலேயே போனேன்.

அண்ணனுக்கு முப்பது இருக்கும். வெளுத்த சட்டை, காலடியில் காலிப் பை ஒன்று, அவள் துணிமணிகளை அள்ளிக்கொண்டு போக. என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்தான். உத்தரவை வாங்கி, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"மேடம், இதுல கருணை அடிப்படையில மன்னிக்கப்படுகிறதுன்னு போட்டிருக்காங்களே. மன்னிச்சிருக்காங்கன்னா இவ தப்பு செஞ்சிருக்கான்னுதான அர்த்தம்?"

தாளை வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. அவசரத்தில் நான் படிக்கவில்லை. மறுபடியும், அவசரத்தில்.

"இல்லைங்க. அவங்க லீவு போட்டிருந்தாங்க. மூணு தடவையும். அதைத் தொலைச்சது கம்ப்யூட்டர்."

"கம்பெனி பொய்யா லெட்டர் போடுமா மேடம்? சர்க்கார் தபால்ல வந்திருக்கு. ஊர்ல போஸ்ட்மேன்ல இருந்து எல்லாத்துக்கும் தெரியும்." குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க இவளுக்கு வேண்டியவங்க போல. அதான் சொல்லுதீங்க."

"ஏண்ணே, அவுக யாருன்னு தெரியாம..." என்று அவள் பாய்ந்தாள்.

"நீ சும்மா இரு ஏட்டி."

"அந்த லெட்டரெல்லாம் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

சட்டைப்பையிலிருந்து எடுத்தான். மூன்றும் ஒரே மடிப்பில், ரப்பர் பேண்டு போட்டு. செக்யூரிட்டியின் மேசையில் விரித்து, அவர் பேனாவை வாங்கி, ஒவ்வொன்றின் அடியிலும் எழுதினேன். 'இந்தத் தேதிக்கு இவர் முறையாக விடுப்பு கேட்டிருந்தார். அதைப் பதியாமல் விட்டது நான் எழுதிய பக்கம். இவர் மேல் தவறு இல்லை.' கீழே கையெழுத்து, என் பணியாளர் எண், தேதி. மூன்று முறை. பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி, "மேடம், கம்பெனி லெட்டர்ல எழுதறீங்களே, பிரச்சினை ஆயிடும்" என்று முணுமுணுத்தார். ஆகட்டும் என்று எழுதினேன். பிரச்சினை ஆனது. அடுத்த மாதமே என்னைப் பக்கங்களின் பக்கமே அண்டவிடாமல் பிரிண்டர் மை கணக்குப் பார்க்க வைத்தார்கள், வருடக் கடைசியில் நானே வெளியேறினேன். அதற்காக எனக்குக் கோபமில்லை.

அண்ணன் நான் எழுதியதைப் படித்தான். முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தான்.

"அப்ப தப்பு உங்களோடதா?"

"ஆமாங்க."

"உங்க வீட்டுக்கு லெட்டர் போட்டாங்களா மேடம்?"

கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன்.

அவன் கடிதங்களை மடித்து, ரப்பர் பேண்டைப் போட்டுச் சட்டைப்பையில் வைத்தான். பொத்தானையும் மாட்டினான். பிறகு குனிந்து காலிப் பையை எடுத்து நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான் தங்கையிடம். "போஸ்ட்மேன்ட்ட இதைக் காட்டுதேன். அவன் படிச்சாத்தான் ஊரு நம்பும்."

"சாப்ட்டுட்டுப் போண்ணே. கேன்டீன்ல கெஸ்ட் டோக்கன் தருவாக."

"இவங்க சோறு எனக்கு வேண்டாம்" என்றான். அவன் ரோட்டைக் கடந்து, லாரிகளுக்கிடையே புகுந்து, பஸ் நிறுத்தத்துப் பக்கம் நடப்பதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் கோட்டுப் பையிலிருந்து தலைவலையை எடுத்து மாட்டிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், பலகைக்குப் போனாள்.